‘அந்தக் காருக்கா? வராது!’: பழைய கார் சஸ்பென்ஷன் கேள்வி-பதில்

தினமும் ஓட்டும் பழைய காரை வைத்திருப்பவர்களின் சஸ்பென்ஷன் (சக்கரத்தைக் காரோடு இணைத்துக் குலுக்கலைத் தாங்கும் அமைப்பு) கேள்விகளை மட்டும் இம்முறை எடுத்துக்கொண்டேன். மெருகேற்றிக் கண்காட்சிக்குக் கொண்டுபோகும் கார்களைப் பற்றி எழுதியவர்கள் மன்னிக்கவும். காலையில் பிள்ளைகளைப் பள்ளியில் விட்டே ஆக வேண்டிய காருக்குத்தான் அவசரம் அதிகம்.

ஐயா, என்னுடையது 2003 ஃபோர்டு ஐகான். லோயர் ஆர்ம் (சக்கரத்தைக் கீழ்ப்பக்கம் பிடித்திருக்கும் இரும்புக் கை) போய்விட்டது. எங்கள் ஊர்க் கடைகளில் காரின் பெயரைச் சொன்னதுமே ‘வராது’ என்கிறார்கள். (ஈரோடு வாசகர்)

கடைக்காரர் தேடிப் பார்த்துவிட்டுச் சொல்லும் ‘வராது’ வேறு, எழுந்திருக்காமலே சொல்லும் ‘வராது’ வேறு. உங்களுக்குக் கிடைத்தது இரண்டாவது. அவரை எழுந்திருக்க வைக்க ஒரு வழி உண்டு. காரின் பெயரைச் சொல்லாமல், பாகத்தின் எண்ணைச் சொல்லுங்கள்.

பழைய ஆர்மைக் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, கம்பி பிரஷ்ஷால் தேய்த்துப் பாருங்கள். பெரும்பாலும் எங்காவது ஓர் எண் பொறித்திருக்கும். அந்தக் கால ஃபோர்டு எண்கள் மூன்று துண்டாக வரும். முதல் துண்டு 96 என்று தொடங்கினால் அது 1996ஆம் ஆண்டு வடிவமைப்பு. நடுத்துண்டு அது என்ன வகைப் பாகம் என்று சொல்லும். கடைசி எழுத்துகள் திருத்தப்பட்ட பதிப்பைக் குறிக்கும். கடைசி எழுத்து மட்டும் மாறியிருந்தால் பெரும்பாலும் கவலை இல்லை, நடுத்துண்டு மாறியிருந்தால் வாங்காதீர்கள்.

ஐகான் மறைமலை நகரில் தயாரான கார்தான் என்றாலும், அதன் அடித்தளம் 1995-2002 காலத்து ஐரோப்பிய ஃபியஸ்டா. முதல் தலைமுறை ஃபோர்டு கா-வும் அதே குடும்பம். எனவே ஐகான் என்று தேடிக் கிடைக்காததை அந்தக் கால ஃபியஸ்டா என்று தேடினால் கிடைக்கலாம். சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலை, பெங்களூரு ஜே.சி. சாலை, டெல்லி காஷ்மீரி கேட் ஆகிய இடங்களில் எண்ணைச் சொல்லி விசாரியுங்கள். இடது, வலது எது வேண்டும் என்பதையும், ஆர்மோடு பால் ஜாயின்ட் (ஆர்மின் முனையில் சக்கரம் திரும்ப வழிவிடும் குண்டு மூட்டு) சேர்ந்து வருகிறதா என்பதையும் பணம் அனுப்புவதற்கு முன் கேட்டுக்கொள்ளுங்கள். பார்சல் வந்தபின் கேட்பதில் பயனில்லை.

அப்பா விட்டுச் சென்ற டேவூ சியலோவை விற்க மனமில்லை. ஸ்ட்ரட் மவுண்ட் (ஷாக் அப்சார்பரின் மேல்முனையைப் பாடியோடு பிடிக்கும் பாகம்), பால் ஜாயின்ட் இரண்டும் வேண்டும். (கோயம்புத்தூர் வாசகி)

நிறுவனமே இல்லாமல் போன கார் என்று பயப்படாதீர்கள். சியலோ பிறந்தது ஜெர்மனியின் ஓப்பல் கடெட் ஈ என்ற காரிலிருந்து. அதே கார் நெக்சியா என்ற பெயரில் உஸ்பெகிஸ்தானில் 2016 வரை தயாரானது. அதனால் இன்றும் அதற்குப் பாகம் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். இணையத்தில் நெக்சியா என்றும் கடெட் என்றும் தேடுங்கள். சியலோ என்று தேடினால் அனுதாபம்தான் கிடைக்கும்.

நெக்சியா, கடெட் போன்ற உறவுக்கார காரின் பால் ஜாயின்ட் கைக்கு வந்ததும் மெக்கானிக்கிடம் ஒரு சோதனை செய்யச் சொல்லுங்கள். அதன் கூம்பு வடிவத் தண்டின் மேல் மார்க்கர் பேனாவால் நீளவாக்கில் சில கோடுகள் போட்டு, நக்கிளின் (சக்கரத்தைத் தாங்கும் இரும்புப் பாகம்) துளையில் கையால் அழுத்திச் செருகி, லேசாகத் திருப்பி வெளியே எடுக்க வேண்டும். மை நீளம் முழுவதும் ஒரே சீராக அழிந்திருந்தால் கூம்பு பொருந்துகிறது. ஒரு முனையில் மட்டும் அழிந்திருந்தால் சரிவு வேறு. அதை நட்டு போட்டு இறுக்கிச் சமாளித்துவிடலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். தண்டு துளைக்குள் அசைந்து அசைந்து ஒருநாள் முறியும். அப்போது சக்கரம் தன் இஷ்டத்துக்குத் திரும்பிக்கொள்ளும்.

லோயர் ஆர்ம் புஷ் எங்கும் கிடைக்கவில்லை. லேத்தில் நைலான் புஷ் கடைந்து போட்டால் ஆயுளுக்கும் தேயாது என்கிறார் மெக்கானிக். போடலாமா? (மதுரை வாசகர்)

வேண்டாம். தேயாது என்பதே சந்தேகம், தேயாவிட்டாலும் வேண்டாம்.

ரப்பர் புஷ், பேரிங் மாதிரி சுழல்கிற பொருள் இல்லை. உள்ளே ஓர் இரும்புக் குழாய், வெளியே ஒன்று, இடையில் இரண்டோடும் ஒட்டிய ரப்பர். ஆர்ம் ஏறி இறங்கும்போது ரப்பர் முறுக்கிக்கொண்டு பழைய நிலைக்குத் திரும்புகிறது. பிரேக் பிடிக்கும்போது கொஞ்சம் நசுங்கிக் கொடுக்கிறது. நைலான் முறுக்கவும் முறுக்காது, நசுங்கவும் நசுங்காது. வழுக்கித்தான் ஆக வேண்டும். மழைச் சேறு உள்ளே புகுந்ததும் கிறீச்சிடத் தொடங்கும். ரப்பர் விழுங்கிய குலுக்கல் எல்லாம் பாடிக்குப் போகும். ஆர்ம் பிடித்திருக்கும் பிராக்கெட்டில் விரிசல் விழுந்தால், புஷ்ஷில் மிச்சம்பிடித்த காசு வெல்டிங்குக்குப் போதாது.

மாற்று வழி, அளவை வைத்துத் தேடுவது. வெளிக்குழாயின் விட்டம், உள்துளையின் விட்டம், இரு குழாய்களின் நீளம் ஆகியவற்றை வெர்னியர் காலிப்பரில் எடுத்துக்கொள்ளுங்கள். ரப்பரில் பிறை வடிவ வெற்றிடம் இருந்தால் அது எந்தத் திசையைப் பார்த்திருக்கிறது என்று படம் எடுத்து வையுங்கள். அது அழகுக்கு வைத்த ஓட்டை இல்லை, எந்தப் பக்கம் இளகிக் கொடுக்க வேண்டும் என்ற கணக்கு. இந்த அளவுகளோடு நல்ல புஷ் கடைக்குப் போனால் வேறு காரின் புஷ் ஒன்று பொருந்துவது அபூர்வம் இல்லை. எதுவும் பொருந்தாவிட்டால், பழைய குழாய்களைச் சுத்தம் செய்து அவற்றிலேயே புது ரப்பர் வார்த்துத் தரும் பட்டறைகள் தொழில் நகரங்களில் உண்டு. கடினம் எவ்வளவு வேண்டும் என்று கேட்டால் ஷோர் ஏ (ரப்பரின் கடினத்தை அளக்கும் அலகு) அளவில் 60 முதல் 70 வரை என்று சொல்லுங்கள். பாலியூரித்தேன் புஷ் நைலானைவிட எவ்வளவோ மேல், ஆனால் ரப்பரைவிடச் சத்தமும் அதிர்வும் கூடும்.

புது புஷ் போட்டு நாலு மாதத்தில் கிழிந்துவிட்டது என்று பொருளைத் திட்டுகிறவர்கள் பொருத்திய விதத்தையும் பார்க்க வேண்டும். ஜாக்கியில் சக்கரம் தொங்கும்போதே புஷ் போல்ட்டை முழுதாக முடுக்கிவிடுகிறார்கள். காரை இறக்கியதும் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே நின்றுவிடுகிறது. அப்படியே ஓடினால் கிழியாமல் என்ன செய்யும்? போல்ட்டைத் தளர்வாகப் போட்டு, காரின் எடை சக்கரத்தில் உட்கார்ந்தபின் கடைசி முடுக்கு முடுக்கச் சொல்லுங்கள். பக்கத்திலேயே நின்று பாருங்கள்.

சென்னைப் புதுப்பேட்டையில் பழைய பாகம் வாங்கலாமா, கூடாதா? (திருச்சி வாசகர்)

எதை வாங்குகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. நக்கிள், ஸ்டெபிலைசர் பார் (வளைவில் கார் சாய்வதைக் குறைக்கும் கம்பி), புஷ்ஷும் ஜாயின்ட்டும் இல்லாத வெறும் ஆர்ம் ஆகியவற்றைத் தாராளமாக வாங்கலாம். வளைவும் வெல்டிங் தழும்பும் இல்லாமல் இருந்தால் போதும். காயில் ஸ்பிரிங்கை ஜோடியாக மட்டுமே வாங்குங்கள். இரண்டையும் தரையில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள், உயரம் ஒன்றாக இருக்க வேண்டும். கடைசிச் சுற்றில் பெயின்ட் உரிந்து துரு குழி விழுந்திருந்தால் அங்கேதான் உடையும், வைத்துவிட்டு வாருங்கள்.

பால் ஜாயின்ட், ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராட் எண்ட், ரேக் எண்ட் இவற்றைப் பழையதாக வாங்கவே கூடாது. துடைத்து, கிரீஸ் ஏற்றி, புது ரப்பர் மூடி போட்டால் எதுவும் புதிதாகத்தான் தெரியும். பழைய ஷாக் அப்சார்பரும் அப்படியே. எண்ணெய் மாற்றிப் பெயின்ட் அடித்தது கையில் கனமாக இருக்கும், வேகத்தடையில் தெரியும்.

காரின் பின்பக்கம் தாழ்ந்துவிட்டது. புது ஸ்பிரிங் கிடைக்காததால் சுருள்களுக்கு நடுவே ரப்பர் கட்டை வைக்கலாம் என்கிறார்கள். (நாகர்கோவில் வாசகர்)

அந்த இடத்துச் சுருள் வேலை செய்யாமல் நின்றுவிடும், மற்ற சுருள்கள் அதன் பங்கையும் சுமக்கும். ஏற்கெனவே களைத்த ஸ்பிரிங் அது. கம்பியின் கனம், சுற்றுகளின் எண்ணிக்கை, வெளி விட்டம், நீளம் ஆகியவற்றைக் கொடுத்தால் ஸ்பிரிங் செய்பவர்கள் புதிதாகவே சுற்றித் தருவார்கள். ஒன்று போதும் என்று நினைக்காமல் இரண்டாகச் செய்யுங்கள்.

அம்பாசடரின் கமான் பட்டையை (பட்டை ஸ்பிரிங்) காஸ் வெல்டிங் நெருப்பில் காட்டி வளைவை ஏற்றித் தருகிறேன் என்கிறார் பட்டறைக்காரர். (சேலம் வாசகர்)

காஸ் நெருப்பு பட்ட இடத்தில் எஃகின் பதம் போய்விடும். பார்வைக்கு வளைவு வந்திருக்கும், நாலு பேர் ஏறியதும் மறுபடி தட்டையாகும். உலையில் முழுப் பட்டையையும் சூடாக்கி, எண்ணெயில் தோய்த்து, மீண்டும் பதப்படுத்தும் கமான் பட்டறையாகப் பாருங்கள். லாரிக்கு வேலை செய்கிறவர்களிடம் அந்த வசதி இருக்கும். உங்களுக்கு அந்தச் சிரமம்கூடத் தேவையில்லை. 2014இல் உற்பத்தி நின்றாலும் அம்பாசடர் பாகம் இன்னும் புதிதாகவே கிடைக்கிறது. பல்லாண்டுகள் டாக்சியாக ஓடிய காருக்குப் பாகம் செய்ய ஆள் இருந்துகொண்டே இருப்பார்கள். வயதில் இளைய சியலோவுக்கு இங்கே அந்தக் கொடுப்பினை இல்லை.

என்னிடம் மொரிஸ் மைனர். முன் ஷாக் அப்சார்பர் எண்ணெய் கசிகிறது. நவீன குழாய் வகைக்கு மாற்றிவிடலாமா? (யாழ்ப்பாணம் வாசகர்)

மாற்றினாலும் பழையதைத் தூக்கி எறிய முடியாது. மைனரில் முன்பக்க லீவர் (நெம்புகோல் வகை) ஷாக் அப்சார்பரின் கைதான் சஸ்பென்ஷனின் மேல் ஆர்ம். அதன் அச்சு ஆடினால் சக்கரமே சாயும். ஆகவே அதைப் புதுப்பித்துத்தான் ஆக வேண்டும். பிரிட்டனில் மைனர் பாகங்கள் இன்றும் புதிதாகச் செய்யப்படுகின்றன, லீவர் வகையும் புதுப்பித்துக் கிடைக்கும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கீழே உள்ள ட்ரனியன் (சக்கரம் திரும்ப உதவும் கீழ் மூட்டு) மரை தேய்ந்தால் சக்கரம் மடங்கி மட்கார்டுக்குள் போய்விடும். மைனரின் பேர்போன வியாதி இது. மாதம் ஒருமுறையாவது கிரீஸ் அடியுங்கள். அடிக்கும்போது பழைய கிரீஸ் வெளியே பிதுங்கி வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் வழி அடைத்திருக்கிறது.

என் மாடல் கார் ஒன்றை அருகில் உடைக்கிறார்கள். எதையெல்லாம் வாங்கி வைக்கலாம்? (வேலூர் வாசகர்)

இரும்பை வாங்குங்கள், ரப்பரை விடுங்கள். புஷ், மவுண்ட், மூடி எல்லாம் அலமாரியில் இருந்தே இறுகி வெடிக்கும். பெட்டி பிரிக்காத பழைய சரக்கு என்று பெருமையாகக் கொடுத்தாலும், நகத்தால் அழுத்திப் பார்த்து விரிசல் தெரிந்தால் வேண்டாம். நக்கிள், ஹப், ஆர்ம், சப்ஃபிரேம் (ஆர்ம்களைத் தாங்கும் இரும்புச் சட்டம்) ஆகியவற்றை எடுத்து, கிரீஸ் பூசி, சாக்கில் சுற்றி வையுங்கள். நக்கிளை இடது, வலது என இரண்டாகவே எடுத்துவிடுங்கள். மற்றொன்றை அடுத்த வாரம் வந்து வாங்கிக்கொள்ளலாம் என்று வந்துவிட்டால், காயலான் கடைக்காரர் அதற்குள் எடைக்குப் போட்டிருப்பார்.