கேட்ஸ் ஆஃப் தி ஆர்க்டிக் போகப் போகிறீர்களா? கேள்வி பதில்

அலாஸ்காவின் இந்தப் பூங்காவுக்கு இரண்டு முறை போய் வந்திருக்கிறேன். வந்த கேள்விகளுக்கு இங்கே பதில்.

கேள்வி: அக்கா, ஃபேர்பேங்க்ஸ் நகரத்தில் கார் எடுத்து உள்ளேயே ஓட்டிப் போகலாமா?

முடியாது தம்பி. 1980இல் தேசியப் பூங்காவான இடம், இன்றுவரை ஒரு சாலைகூட இல்லை. நடைபாதையும் கிடையாது. பரப்பு சுமார் 34,000 சதுர கிலோமீட்டர், கேரளத்தைவிடக் கொஞ்சம்தான் சிறியது. டால்டன் நெடுஞ்சாலை பூங்கா எல்லைக்கு வெளியே, 8 கிலோமீட்டர் பக்கத்தில் போகிறது. அங்கிருந்து நடந்தால் ஆற்றில் இறங்கித்தான் கடக்க வேண்டும். பெரும்பாலோர் பெட்டில்ஸ் என்ற சிற்றூருக்குப் போய், மிதவை விமானத்தில் ஏதாவது ஏரியில் இறங்குவார்கள்.

கேள்வி: நான் தினம் 20 கிலோமீட்டர் நடப்பவன். அதே கணக்கு போடலாமா?

போடாதீர்கள். அங்கே 8 கிலோமீட்டர் நடந்தாலே நல்ல நாள். காரணம் டஸ்ஸக். கோரைப்புல் கொத்துக் கொத்தாக முழங்கால் உயரம் வளர்ந்து நிற்கும். மேலே மிதித்தால் தலை சாய்ந்து காலைத் தள்ளிவிடும். இடையில் மிதித்தால் கணுக்கால்வரை சேறு. அடியில் நிலம் உறைந்தே கிடப்பதால் தண்ணீர் இறங்க வழியில்லை. முதல் நாள் மூன்று மணி நேரம் நடந்து திரும்பிப் பார்த்தேன், இறங்கிய ஏரி கண்ணெதிரே மின்னிக்கொண்டிருந்தது. அழுகையே வந்துவிட்டது. அடுத்த நாளிலிருந்து ஆற்றோரச் சரளைக்கல் திட்டுகளைப் பிடித்து நடந்தோம்.

கேள்வி: கரடி பயம்?

உணவு முழுவதையும் கரடி திறக்க முடியாத டப்பாவில்தான் வைக்க வேண்டும், அது விதி. பூங்கா அலுவலகத்தில் இலவசமாக இரவல் தருவார்கள். சமைக்கிற இடம் கூடாரத்திலிருந்து தள்ளியே இருக்கட்டும். கரடி ஸ்ப்ரே, அடுப்பு கேஸ் இரண்டையும் பயணிகள் விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள். அலாஸ்கா போய் வாங்குங்கள்.

கேள்வி: அனுமதிச் சீட்டு, கட்டணம்?

இரண்டும் இல்லை. ஆனால் ரேஞ்சரைப் பார்த்து விளக்கம் கேட்காமல் கிளம்பாதீர்கள்.

கேள்வி: எந்த மாதம் நல்லது?

என் ஓட்டு ஆகஸ்ட் நடுவுக்கு. ஜூலையில் கொசு வாய்க்குள்ளேயே போகும்.

கேள்வி: உள்ளே மனிதர்கள் வாழ்கிறார்களா?

அனக்டுவுக் பாஸ் ஊரில் நுனமியுட் என்ற பழங்குடி மக்கள் இருக்கிறார்கள். காரிபூ மான்தான் அவர்கள் உணவு. மந்தை வரும் வழியில் கூடாரம் போட்டு அதைக் கலைத்துவிடாதீர்கள், தயவுசெய்து.

கேள்வி: பத்து நாள் லீவு போதுமா?

நடக்க ஏழு நாள் வையுங்கள். மேகம் இறங்கினால் விமானம் வராது, ஏரிக்கரையிலேயே காத்திருக்க வேண்டியதுதான். அதற்கு மூன்று நாள் சாப்பாடு கூடுதலாக எடுத்துப் போங்கள்.