தமிழின் ஒரே 'இல்'லுக்கு ஆங்கிலத்தில் இன், ஆன், அட் என்று மூன்றா? எதை எங்கே போடுவது?

ஏற்காடு ஏரியில் படகில் உட்கார்ந்துகொண்டு, எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்ட மேலாளருக்கு 'ஐ ஆம் இன் தி லேக்' என்று அனுப்பியவன் நான். 'நீச்சல் தெரியுமா?' என்று பதில் வந்தது. படகில் மிதந்தால் 'ஆன் தி லேக்'. கரையில் நின்று மிளகாய் பஜ்ஜி தின்றால் 'அட் தி லேக்'. தண்ணீருக்குள் விழுந்தால்தான் 'இன்'. தமிழில் எல்லாவற்றுக்கும் 'ஏரியில்' என்றாலே போதும், அதனால்தான் நமக்குத் தடுமாற்றம்.

பெரிய ஊருக்கு இன், சின்ன ஊருக்கு அட் என்று பள்ளியில் சொல்லித் தந்தார்கள். அதை நம்பி ரொம்ப நாள் ஓட்டினேன். ஆனால் சேலம் எவ்வளவு பெரிய ஊர்! குடியிருப்பதைச் சொன்னால் 'ஐ லிவ் இன் சேலம்' சரிதான். கோவையிலிருந்து சென்னை போகிற ரயிலைப் பற்றிப் பேசும்போது அதே ஊர் 'ஸ்டாப்ஸ் அட் சேலம்' ஆகிவிடுகிறது. ரயிலுக்கு நம் ஊர் வழியில் ஒரு புள்ளி, அவ்வளவுதான். ஏற்காடு சின்ன ஊர், ஆனாலும் அங்கே வீடு இருந்தால் 'இன் ஏற்காடு'தான். ஆக, ஊரின் அளவு கணக்கே இல்லை. அதைப் புள்ளியாகப் பார்க்கிறோமா, நம்மைச் சுற்றியிருக்கும் இடமாகப் பார்க்கிறோமா என்பதுதான் கணக்கு.

ஏற்காடு மலைப்பாதையையே எடுத்துக்கொள்ளுங்கள். பாதை நீளக் கோடு, ஆகவே 'ஆன் தி காட் ரோடு'. அதன் 20 கொண்டை ஊசி வளைவுகளில் எட்டாவதில் வண்டி நின்றுபோனால் 'அட் தி எய்த் பென்ட்'. ஒற்றைக் குன்றின் மேல் கோயில் என்றால் 'ஆன் தி ஹில்'. சேர்வராயன் மலைத்தொடருக்குள் எங்கோ சுற்றுகிறோம் என்றால் 'இன் தி ஷெவராய்ஸ்'. அடிவாரத்துக்கு 'அட் தி ஃபுட் ஆஃப் தி ஹில்'.

அப்புறம் வண்டிகள். எழுந்து நடக்க இடமிருந்தால் ஆன்: பஸ், ரயில், விமானம். குனிந்து நுழைந்து உட்கார்ந்தபடியே போவதென்றால் இன்: கார், ஆட்டோ. பைக்குக்கு ஆன், மேலேதானே உட்காருகிறோம். (காலை எட்டரை மணி டவுன் பஸ்ஸில் நடக்கவா முடிகிறது என்று கேட்காதீர்கள். அதற்கும் ஆன்தான்.)

வீட்டுக்குப் போகும்போது மட்டும் எதுவுமே வேண்டாம். 'கோ ஹோம்' போதும், நடுவில் 'டு' போடாதீர்கள்.

தெருவைச் சொல்வதில் ஆங்கிலம் பேசுகிறவர்களுக்குள்ளேயே ஒற்றுமை இல்லை. பிரிட்டிஷ்காரர்கள் பெரும்பாலும் 'இன் தி ஸ்ட்ரீட்' என்பார்கள், அமெரிக்கர்கள் 'ஆன் தி ஸ்ட்ரீட்' என்பார்கள். மெயில் எந்த நாட்டுக்குப் போகிறது என்று பார்த்துவிட்டு அதற்கேற்ப எழுதிவிடுவேன்.