தேடத் தெரிந்தால் போதுமா? நூலக ஆசிரியர் பதில்கள்

எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் எதையும் நொடியில் தேடி எடுக்கிறார்கள். தகவலைத் தேடி, எடைபோட்டு, பயன்படுத்தும் திறனை ‘தகவல் எழுத்தறிவு’ என்று தனியாகச் சொல்லித்தர என்ன இருக்கிறது?

தேடுவது வேறு, கிடைத்ததை எடைபோடுவது வேறு. மரத்தில் வாழும் ஆக்டோபஸ் பற்றி 1998 முதல் ஒரு இணையதளம் இருக்கிறது. முழுக்கக் கற்பனை. கனெக்டிகட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதை ஏழாம் வகுப்பு மாணவர்களிடம் காட்டியபோது அநேகமாக எல்லாரும் நம்பினார்கள். பொய் என்று சொன்ன பிறகும் சிலர் ஒத்துக்கொள்ளவில்லை. அத்தனை பேரும் இணையத்தில் நன்றாகப் படிக்கத் தெரிந்த பிள்ளைகள்!

தளத்தின் பெயர், வடிவமைப்பு, தேதி பார்க்கச் சொல்லி ஒரு பட்டியல் கொடுக்கிறேன். சரிதானே?

அது மட்டும் போதாது. 2017-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சாம் வைன்பர்க்கும் சாரா மெக்ரூவும், இணையதளங்களை எப்படி எடைபோடுகிறார்கள் என்று 45 பேரை ஒப்பிட்டார்கள்: 10 வரலாற்றறிஞர்கள், 10 உண்மை சரிபார்ப்பவர்கள், 25 கல்லூரி மாணவர்கள். அறிஞர்களும் மாணவர்களும் கொடுத்த இணையப் பக்கத்திலேயே மேலிருந்து கீழாகப் படித்து, அழகான சின்னத்தையும் இணைய முகவரியையும் பார்த்துப் பலமுறை ஏமாந்தார்கள். சரிபார்ப்பவர்களோ சட்டென்று வெளியேறி, புதிய டேப்களைத் திறந்து, ‘இவர்களைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள்?’ என்று பார்த்தார்கள். இந்தப் பழக்கம் ஒன்றைத்தான் முதலில் கற்றுத்தருவேன். பாடம் மறந்தாலும், நாற்பது வயதில் ஒரு மருந்து விளம்பரத்தைப் பார்க்கும்போது இது கைகொடுக்கும்.

விக்கிப்பீடியாவைத் தடுக்கலாமா?

வேண்டாம். அங்கே தொடங்கட்டும், அடிக்குறிப்புகளில் உள்ள மூலங்களுக்குப் போகட்டும். அங்கேயே நிற்கக்கூடாது, அவ்வளவுதான்.

ஒப்படைப்பை ஆர்வமாகத் தொடங்குகிறார்கள், பாதியில் சோர்ந்து அப்படியே காப்பி அடிக்கிறார்கள். என்ன செய்வது?

சோம்பல் என்று திட்டிவிடாதீர்கள், பாவம். தேடலின் நடுவில்தான் தகவல்கள் ஒன்றோடொன்று முட்டும், நம்பிக்கை சரியும் என்று நூலகவியல் ஆய்வாளர் கரோல் குல்தாவ் தம் ஆய்வுகளில் காட்டியிருக்கிறார். அது இயல்புதான் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். அப்புறம், கேள்வியைச் சுருக்க ஒரு முழு வகுப்பு ஒதுக்குங்கள். ‘நீர் மாசு’ என்று கொடுத்தால் காப்பிதான் வரும். ‘சாயக்கழிவு கலந்த ஆற்றில் மீன்கள் ஏன் சாகின்றன?’ என்றால் யோசித்தே ஆகவேண்டும்.

இதற்கென்று தனிப் பாடவேளை இல்லையே?

தேவையில்லை. அறிவியல், வரலாற்று ஒப்படைப்புகளுக்குள்ளேயே நூலகரும் பாட ஆசிரியரும் சேர்ந்து சொல்லித்தந்தால்தான் ஒட்டும்.

மதிப்பெண் எப்படிப் போடுவது?

பாதி மதிப்பெண்ணைத் தேடல் குறிப்பேட்டுக்குக் கொடுங்கள். எந்த மூலத்தை எடுத்தாய் என்பதோடு, எதை ஒதுக்கினாய், ஏன் என்றும் அதில் எழுதச் சொல்லுங்கள். நான் முதலில் படிப்பது அந்த ‘ஏன்’ பத்தியைத்தான்.