கடன் தள்ளிப்போகிறது, விற்பவரிடம் எப்போது சொல்வது?

கேள்வி: ஒரு வீடு வாங்க அக்ரிமென்ட் போட்டு அட்வான்ஸும் கொடுத்துவிட்டேன். பாக்கியைக் கொடுத்துப் பதிவு செய்ய இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. இந்த நேரத்தில், வரைபடத்தில் உள்ள அளவும் கட்டியிருக்கும் அளவும் ஒத்துப்போகவில்லை என்று வங்கியின் மதிப்பீட்டாளர் எழுதிவிட்டதால் கடன் தள்ளிப்போகும் போலிருக்கிறது. "இப்போதே சொன்னால் விற்பவர் பயந்து வேறு ஆள் பார்த்துவிடுவார், கடைசி நேரத்தில் பேசிக்கொள்ளலாம்" என்கிறார் புரோக்கர். விற்பவரும் ஒருமுறை "கொஞ்சம் முன்னே பின்னே ஆனாலும் பரவாயில்லை" என்று சொல்லியிருக்கிறார். என்ன செய்யட்டும்?

பதில்: இன்றைக்கே சொல்லுங்கள். புரோக்கரை அனுப்பாமல் நீங்களே பேசுங்கள். அவரைக் குறை சொல்லவில்லை, பேரம் முடிந்தால்தான் அவருக்குக் கமிஷன், அதனால் நடுவில் கெட்ட செய்தி எதுவும் போகக்கூடாது என்று நினைப்பது இயல்புதான். ஆனால் கெடு தவறினால் ஆபத்து உங்கள் அட்வான்ஸுக்கு.

புரோக்கர் யோசிக்காத இன்னொரு விஷயமும் இருக்கிறது. அளவு ஏன் மாறுகிறது என்பது விற்பவருக்குத்தான் தெரியும். பின்னால் ஒரு அறையைச் சேர்த்துக் கட்டி, அதற்குத் தனியாக அனுமதி வாங்கி, அந்தத் தாளை பீரோவில் எங்கேயாவது போட்டு வைத்திருக்கலாம். அப்படியென்றால் ஒரு நகல் வாங்கி வங்கியில் கொடுத்தாலே பாதி வேலை முடிந்துவிடும். அனுமதியே இல்லாமல் கட்டியிருந்தால் கதை வேறு, இந்த வீட்டை இப்படியே வாங்கலாமா என்று உங்கள் வக்கீலோடு மறுபடி உட்கார வேண்டியிருக்கும். இதில் எது என்று தெரியாமலே மூன்று வாரத்தை ஓட்டிவிட்டு கடைசி நாளில் போய் நின்றால், தப்பு யாருடையதாக இருந்தாலும் பேச்சு கேட்பது நீங்கள்தான். அவரும் உங்கள் பணத்தை நம்பி வேறு வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்திருக்கலாம், மூன்று வாரம் முன்னால் தெரிந்தால் அவரும் அங்கே பேசித் தேதியை மாற்றிக்கொள்வார்.

முதலில் போனில் சொல்லிவிட்டு, உடனே எழுத்திலும் அனுப்புங்கள். நீளமாக வேண்டாம், இவ்வளவு போதும்:

"வணக்கம் சார். வீட்டின் அளவு வரைபடத்தோடு ஒத்துப்போகவில்லை என்று வங்கி மதிப்பீட்டாளர் குறிப்பு எழுதியிருக்கிறார். திருத்திய வரைபடமோ கூடுதல் அனுமதியோ உங்களிடம் இருந்தால் நகல் அனுப்புங்கள். வங்கி அதைப் பார்த்து முடிக்க நாளாகும் என்பதால் கெடுவை இன்ன தேதி வரை நீட்டித்து எழுதிக்கொள்ளலாமா? வாங்கும் எண்ணத்தில் மாற்றமில்லை. வியாழக்கிழமை வங்கியில் பேசிவிட்டு அன்று மாலையே உங்களுக்குச் சொல்கிறேன்."

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். அடுத்த தகவல் எப்போது வரும் என்று தெரிந்தால் ஆள் பொறுமையாக இருப்பார், தெரியாவிட்டால்தான் வேறு ஆள் பார்க்கும் யோசனையெல்லாம் வரும். வியாழக்கிழமை வங்கியில் ஒன்றுமே நகரவில்லை என்றாலும், நகரவில்லை என்று சொல்லிவிடுங்கள். அதற்காக எல்லாவற்றையும் கொட்டவும் வேண்டாம். உங்கள் சேமிப்பு எவ்வளவு, கடன் கிடைக்காவிட்டால் பணத்துக்கு எங்கே போவீர்கள் என்பதெல்லாம் அவருக்குத் தேவையில்லாத சமாச்சாரம்.

சரி, விற்பவர் சொன்ன அந்த "பரவாயில்லை"க்கு வருவோம். அந்த வார்த்தையை மட்டும் நம்பி இருக்காதீர்கள், ஏன் என்பதற்கு ஒரு பழைய வழக்கு. இங்கிலாந்தில் 1874-இல் டாட்ஸ் என்பவர் தன் வீட்டை 800 பவுண்டுக்குத் தருவதாக டிக்கின்சன் என்பவருக்கு எழுதிக் கொடுத்தார், வெள்ளிக்கிழமை காலை 9 மணி வரை அவகாசம். வியாழக்கிழமையே, டாட்ஸ் வேறொருவருக்கு விற்கப் பார்க்கிறார் என்று டிக்கின்சன் காதுக்குச் செய்தி வந்தது. அன்று மாலை அவசரமாகப் போய், சம்மதம் என்று எழுதிய கடிதத்தை டாட்ஸின் மாமியார் வீட்டில் கொடுத்துவிட்டு வந்தார். மாமியார் மறந்துவிட்டார். மறுநாள் காலை ஏழு மணிவாக்கில் டார்லிங்டன் ரயில் நிலையத்தில் டாட்ஸைப் பிடித்துக் கடிதத்தைக் கொடுத்தால், விற்றாகிவிட்டது என்று சொல்லிவிட்டார். 1876-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் டாட்ஸ் பக்கம்தான் தீர்ப்புச் சொன்னது. அவகாசத்துக்கென்று டிக்கின்சன் எதுவும் கொடுக்கவில்லை, அதனால் அந்த வாக்கு டாட்ஸைக் கட்டுப்படுத்தாது, வீடு வேறொருவருக்குப் போகிறது என்பதும் டிக்கின்சனுக்கு முன்பே தெரியும் என்றது நீதிமன்றம்.

உங்களுடையது கையெழுத்தான அக்ரிமென்ட், இவ்வளவு பலவீனமில்லை. நிலம், வீடு விஷயத்தில், ஒப்பந்தத்தில் அழுத்தமாகச் சொல்லாதவரை கெடு ஒரு நாள் தவறியதும் எல்லாம் ரத்து என்று ஆங்கிலேயச் சட்ட மரபில் வந்த நீதிமன்றங்கள் பொதுவாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் அழுத்தமாகச் சொல்லியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும், அட்வான்ஸ் பறிபோகும் என்ற வரி இருக்கிறதா என்றும் பாருங்கள். அதனால் வாய்ப்பேச்சை விட்டுவிட்டு, பழைய அக்ரிமென்ட்டைக் குறிப்பிட்டுப் புதுத் தேதி போட்டு ஒரு நீட்டிப்புத் தாள் எழுதுங்கள், கெடு முடிவதற்கு முன்பே. வீடு இரண்டு பேர் பெயரில் இருந்தால் இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும், அண்ணன் போட்டால் தம்பிக்கும் சேர்த்து என்பதெல்லாம் பின்னால் தலைவலி. அவர் நீட்டிக்க மறுத்தால் அன்றே வக்கீலைப் பாருங்கள். மூன்று வாரம் கையில் இருந்தால் அவருக்குச் செய்ய நிறைய இருக்கும், மூன்று நாள் இருந்தால் நோட்டீஸ் எழுதத்தான் நேரமிருக்கும்.

அப்புறம், உடனே பதில் சொல்லக் கூடாத இடம் ஒன்று உண்டு. பாக்கித் தொகையைக் கட்டும் சமயத்தில் "கணக்கு எண் மாறிவிட்டது, இன்றைக்குள் இதில் போடுங்கள்" என்று விற்பவர் பெயரிலோ வக்கீல் பெயரிலோ மின்னஞ்சல் வந்தால் கையைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள். வீடு வாங்குபவர்களைக் குறிவைத்துப் பல நாடுகளில் நடக்கும் மோசடி இது. அந்த மின்னஞ்சலில் இருக்கும் எண்ணுக்குக் கூப்பிடாதீர்கள், முன்பே உங்களிடம் இருக்கும் எண்ணில் கூப்பிட்டு, அவர் குரலில் கணக்கு எண்ணைக் கேட்டுச் சரிபார்த்த பிறகு பணத்தை அனுப்புங்கள்.