ஆத்தங்குடிக் கல்லும் இரண்டு சந்தன நிறமும்

கேள்வி: ஆச்சி, எங்கள் பழைய வீட்டில் முகப்பை அடுத்த அறைக்குப் பெயின்ட் அடிக்கப் போகிறோம். மேற்குப் பார்த்த ஜன்னல். தரையில் சிவப்பு ஆத்தங்குடிக் கல். ஷேட் கார்டில் இரண்டு சந்தன நிறங்களைக் குறித்து வைத்திருக்கிறேன். ஒன்றில் மஞ்சள் சாடை, இன்னொன்றில் லேசான ரோஸ் சாடை. வீட்டுக்காரர் "ரெண்டும் ஒண்ணுதானே" என்கிறார். எதை அடிக்கட்டும்?
– ஒரு வாசகி, பள்ளத்தூர்

பதில்: ஒன்றே இல்லை தங்கச்சி. கார்டில் விரல் அகலம் இருக்கும் நிறம், நாலு சுவரிலும் ஏறியதும் ஒரு சுவரின் நிறம் எதிர்ச்சுவரில் பட்டுத் தூக்கலாகிவிடும். அதோடு தரையும் சேர்ந்துகொள்ளும்.

எங்கள் வீட்டில் இதே மாதிரி ஓர் அறைக்குக் கார்டை மட்டும் நம்பி ரோஸ் சாடையை அடித்தேன். காலையில் அழகாகத்தான் இருந்தது. சாயங்காலம் நாலு மணி வெயில் தரையில் விழுந்ததும், கல்லின் சிவப்பு சுவரின் கீழ்ப்பாதியில் ஏறி, செங்கல் பொடி பூசினாற்போல் ஆகிவிட்டது. அம்மா அங்கே உட்காரவே மறுத்துவிட்டார்கள். மறுவருஷமே மாற்றி அடித்தோம். அதனால் உங்களுக்கு நான் மஞ்சள் சாடையைத்தான் சொல்வேன். தரைச் சிவப்பு பட்டால் அது இதமான சந்தனமாகும். தேக்குக் கதவுக்கும் பொருந்தும்.

ஆனாலும் பார்த்துவிட்டே வாங்குங்கள். இரண்டிலும் சின்ன டப்பா வாங்கி, வெள்ளை பிரைமர் அடித்த இரண்டு பெரிய பலகைகளில் இரண்டு கோட் அடித்துக் காயவிடுங்கள். பழைய சுவரிலேயே அடித்துப் பார்க்க வேண்டாம்; அங்கே நீலம் இருந்தால் பக்கத்துச் சந்தனம் ஆரஞ்சாகத் தெரியும். பலகையைத் தரையை ஒட்டி நிறுத்தி, காலை, சாயங்காலம், இரவு மூன்று வேளையும் பாருங்கள். ஒரு நாளைக்கு ஒரு பலகை போதும். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் மட்டும்தான் கண்ணில் படும், அறை எப்படி இருக்கும் என்பது தெரியாது.

சுவர் பழைய சுண்ணாம்புப் பூச்சு என்றால் பிளாஸ்டிக் பெயின்ட் வேண்டாம். உள்ளிருக்கும் ஈரம் வெளியேற வழியில்லாமல் செதில் செதிலாக உரியும். சுண்ணாம்பிலேயே மஞ்சள் காவி கலந்து அடிக்கச் சொல்லுங்கள். ஈரத்தில் அடர்த்தியாகத் தெரிவது காய்ந்ததும் நன்றாக வெளுக்கும். அதற்குப் பலகை உதவாது. ஒரு மூலையில் அடித்துக் காய்ந்த பிறகு முடிவு செய்யுங்கள்.

அப்புறம், இரவு வெளிச்சம். பல்புப் பெட்டியில் 6500கே என்றிருந்தால் வெள்ளை வெளிச்சம், மஞ்சள் சாடை அதில் வெளிறிப்போகும். 2700 அல்லது 3000 என்றால் இதமான வெளிச்சம். பல்பை மாற்றும் எண்ணம் இருந்தால் முதலில் அதை மாற்றிவிட்டுப் பலகையைப் பாருங்கள்.