உருளை நாச்சோஸ் சொதசொதவென்று ஆகாமல் இருக்க: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

உருளைக்கிழங்கைக் கொஞ்சம் கனமாக வட்டமாகச் சீவி, மொறுமொறுவென்று பொரித்து, பெரிய தட்டில் பரப்பி, மேலே சீஸ், கறி, வெங்காயத்தாள், தயிர் என்று ஏற்றி, கூட்டமாக உட்கார்ந்து கை போட்டுச் சாப்பிடுவதுதான் லோடட் பொட்டேட்டோ நாச்சோஸ். புதுச்சேரியில் வீட்டிலிருந்தே பார்ட்டி ஆர்டர் செய்து கொடுக்கிறேன், அதனால் கேள்விகளை எல்லாம் என் பக்கம் தள்ளிவிட்டீர்கள். பல பேர் கேட்டது ஒரே கேள்விதான் என்பதால் அவற்றை ஒன்றாக்கியிருக்கிறேன்.

லாஸ்பேட்டையிலிருந்து: அக்கா, ஞாயிற்றுக்கிழமை ஃப்ரெண்ட்ஸ் எட்டு பேர் வர்றாங்க. கிழங்கு எவ்வளவு வாங்கணும், எப்படிச் செய்யணும்? முதல்லேருந்து சொல்லுங்க.

தம்பி, ஒன்றரைக் கிலோ வாங்குங்க. உருளையில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர்தான், பொரிந்து முடிக்கும்போது எடை ஏறக்குறைய பாதியாகிவிடும், அதனால் பச்சையாகப் பார்த்து "இவ்வளவா!" என்று பயப்பட வேண்டாம். சீஸ் 300 கிராம் போதும்.

சுமார் 4 மில்லிமீட்டர் கனத்துக்குச் சீவுங்க. சாதா சிப்ஸ் கனத்தில் சீவினால் மேலே ஏற்றும் பாரம் தாங்காது, எடுக்கும்போதே உடையும். சீவியதைத் தண்ணீர் தெளிவாகும்வரை இரண்டு மூன்று தடவை அலசணும், மேலே ஒட்டியிருக்கும் மாவுச்சத்து போனால்தான் துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டாது. அப்புறம் கொதிக்கும் தண்ணீரில் உப்பும், லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி வினிகரும் விட்டு மூன்று நிமிடம் வேகவிடுங்க. வினிகர் எதற்கு என்றால், புளிப்பு இருக்கும் தண்ணீரில் கிழங்கைக் குலையாமல் பிடித்து வைத்திருக்கும் பெக்டின் என்ற பொருள் சீக்கிரம் கரையாது, உள்ளே வெந்தாலும் வட்டம் வட்டமாகவே நிற்கும். வடித்து, பழைய வேட்டித் துணியில் பரப்பி, ஃபேன் காற்றில் நன்றாக உலரவிடுங்க. இந்த இடத்தில்தான் எல்லோரும் அவசரப்படுகிறீர்கள். தொட்டால் கையில் ஈரம் தெரியக் கூடாது.

பொரிப்பது இரண்டு தடவை. முதலில் மிதமான தீயில், நிறம் மாறாமல், சலசலப்பு அடங்கும்வரை பொரித்து ஜல்லிக்கரண்டியால் எடுத்து ஆறவையுங்க. நண்பர்கள் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டதும் எண்ணெயை நன்றாகக் காயவைத்து, இரண்டாம் தடவை பொன்னிறமாக எடுத்து, சூட்டோடு உப்பு தூவுங்க. முதல் பொரிப்பைக் காலையிலேயே முடித்து வைத்துவிடலாம் என்பது இதில் பெரிய நிம்மதி.

மஞ்சக்குப்பத்திலிருந்து: எண்ணெய் வேண்டாம்னு வீட்ல சொல்றாங்க. ஏர் ஃப்ரையர்ல வருமா?

வரும், ஆனால் கொஞ்சமாவது எண்ணெய் வேண்டும். ஒரு கிலோ கிழங்குக்கு இரண்டு மேசைக்கரண்டி விட்டுப் பிசறிக்கொள்ளுங்க. வேகவைத்து உலர்த்துவது அப்படியேதான். 200 டிகிரியில் 18 நிமிடம் வாக்கில், நடுவில் ஒரு தடவை திருப்பி விட்டு. ஒரே அடுக்காகப் பரப்பணும், ஒன்றன்மேல் ஒன்று குவித்தால் ஆவியில் வெந்து அவியல் மாதிரிதான் வரும். எட்டு பேருக்கு ஏர் ஃப்ரையரில் செய்ய உட்கார்ந்தால் கடைசி ஈடு வெளியே வருவதற்குள் முதல் ஈடு ஆறிப்போயிருக்கும், நாலு பேர் வரைக்கும் சரி. கூட்டம் பெரிதென்றால் ஓடிஜி அடுப்பில் பெரிய தட்டு வைத்து 220 டிகிரி, அரை மணி நேரம்.

நெல்லிக்குப்பத்திலிருந்து: பொரிச்சா உடனே கருஞ்சிவப்பா ஆகுது, உள்ள வேகவே இல்ல, லேசா கசக்குது. எண்ணெய் சரியில்லையா அக்கா?

எண்ணெய் மேல் பழி போடாதீங்க, கிழங்கை ஃப்ரிட்ஜில் வைத்திருப்பீங்க. ரொம்பக் குளிர்ந்த இடத்தில் இருந்தால் உருளையின் மாவுச்சத்து கொஞ்சம் கொஞ்சமாகச் சர்க்கரையாக மாறும், அந்தச் சர்க்கரைதான் எண்ணெயில் விழுந்ததும் கருகுகிறது. வெங்காயக் கூடையோடு சேர்க்காமல், வெளிச்சம் படாத காற்றோட்டமான மூலையில் சாக்கில் போட்டு வையுங்க. பச்சை பூத்த கிழங்கும், நிறைய முளை விட்டதும் வேண்டவே வேண்டாம், அது ருசிப் பிரச்சினை மட்டும் இல்லை, உடம்புக்கும் ஆகாது.

முத்தியால்பேட்டையிலிருந்து: ஊட்டி உருளை நல்லதா, வடக்கேயிருந்து வர்றது நல்லதா?

ஊர்ப் பெயரை வைத்து முடிவு செய்ய முடியாது, உள்ளே தண்ணீர் குறைவாக, மாவு அதிகமாக இருக்கணும், அவ்வளவுதான். புதிதாகத் தோண்டிய, நகத்தால் சுரண்டினாலே தோல் உரியும் இளங்கிழங்கு குழம்புக்கு ருசி, இதற்கு வேண்டாம். சிம்லாவில் இருக்கும் மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் சிப்ஸுக்கென்றே குஃப்ரி சிப்சோனா என்ற ரகங்களை உருவாக்கியிருக்கிறது. நாம் ரகப் பெயரைச் சொன்னால் சில்லறைக் கடையில் முழிப்பார்கள், பெரிய மார்க்கெட்டில் மொத்தமாக விற்பவரிடம் "சிப்ஸ் போடுற உருளை" என்று கேட்டுப் பாருங்க.

வீட்டில் சோதிக்க ஒரு வழி: ஒரு பங்கு உப்பு, 11 பங்கு தண்ணீர், இரண்டையும் கரைத்துக் கிழங்கைப் போடுங்க. மூழ்கினால் மாவுக் கிழங்கு, எடுத்துக்கொள்ளுங்க. மிதந்தால் குருமாவுக்கு.

வில்லியனூரிலிருந்து: என்ன சீஸ்? மொசரெல்லா மட்டும் போட்டேன், ஆறினதும் ரப்பர் மாதிரி ஆயிடுச்சு.

மொசரெல்லா இழுக்க நன்றாக இருக்கும், ருசி குறைவு, ஆறினால் நீங்கள் சொன்ன கதிதான். கூட்டமாகப் பேசிக்கொண்டே மெதுவாகச் சாப்பிடுகிற பண்டத்துக்குச் சீஸ் சாஸ்தான் என் கட்சி. ஒரு மேசைக்கரண்டி வெண்ணெயில் ஒரு மேசைக்கரண்டி மைதாவைப் பச்சை வாசனை போக வறுத்து, ஒரு கப் பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கட்டியில்லாமல் கிளறி, கெட்டியானதும் அடுப்பை அணைத்துவிட்டு 100 கிராம் துருவிய சீஸைப் போடணும். அணைத்த பிறகுதான், மறக்காதீங்க; கொதிக்கும்போது போட்டால் எண்ணெய் தனியாகப் பிரியும். செடார் பாதி, சாதாரண கட்டிச் சீஸ் (ப்ராசஸ்டு சீஸ்) பாதி. கட்டிச் சீஸில் கொழுப்பும் தண்ணீரும் பிரியாமல் பிடித்து வைக்கும் உப்புகளை ஏற்கெனவே சேர்த்திருப்பதால் சாஸ் வழவழவென்று நிற்கும், அதை மட்டமாக நினைக்க வேண்டாம். எட்டு பேருக்கு இதே அளவை இரண்டு மடங்காக்குங்க, முதலில் சொன்ன 300 கிராமில் மீதி 100 கிராமைத் துருவி மேலே தூவிக்கொள்ளலாம். ஆரோவில் பக்கம் செய்யும் நல்ல சீஸ் கையில் இருந்தால் அதை இதில் கரைக்காதீங்க, பாகெட் என்ற நீளமான பிரெஞ்சு ரொட்டியோடு சாப்பிடுங்க.

கடலூர் முதுநகரிலிருந்து: நம்ம ஊர்ல இறாலுக்குப் பஞ்சமா? இறால் போடலாம்ல?

தாராளமாக. ஆனால் இறாலும் தண்ணீர் விடும். சின்ன இறாலாக எடுத்து, மிளகாய்த்தூள், மஞ்சள், பூண்டு, உப்புப் போட்டு அகலமான வாணலியில் பெரிய தீயில், விட்ட தண்ணீர் முழுக்கச் சுண்டும்வரை பிரட்டுங்க. தொக்கு மாதிரி எண்ணெய் மிதக்கக் கூடாது, சுக்கா பதம் சரியாக இருக்கும். ஆட்டுக் கொத்துக்கறிக்கும் இதே விதி. அமெரிக்காவில் பேக்கன் (உப்பில் பதப்படுத்திய பன்றிக்கறி) போடுவார்கள், வேண்டுமென்றால் மொறுமொறுவென்று வறுத்து நொறுக்கிப் போடுங்க; இறால் சுக்கா முன்னால் அது எனக்கு இரண்டாம் இடம்தான். வந்தவர்களில் யாருக்காவது இறால் ஒத்துக்கொள்ளாதா என்று முதலிலேயே கேட்டு, தட்டைத் தனியாகப் பிரித்துவிடுங்க.

பண்ருட்டியிலிருந்து: என் ஃப்ரெண்டு பால் அயிட்டம் தொடமாட்டான். அவனுக்கு என்ன பண்றது?

பண்ருட்டியில் இருந்துகொண்டு இதைக் கேட்கலாமா! உடைந்த முந்திரி ஒரு கப், வெந்நீரில் அரை மணி ஊறவைத்து, பூண்டு ஒரு பல், எலுமிச்சைச் சாறு, உப்பு, ஒரு வற்றல் மிளகாயோடு மைய அரையுங்க. அடுப்பில் லேசாகக் காட்டினால் கெட்டியாகும். சீஸ் தீர்ந்தபின் மற்றவர்களும் அந்தத் தட்டுக்கே வருவார்கள், கொஞ்சம் கூடவே அரைத்து வையுங்க.

அரியாங்குப்பத்திலிருந்து: சோர் கிரீம் கிடைக்கல.

அந்தப் புளித்த கிரீம் தேவையும் இல்லை, தயிரே போதும். கெட்டித் தயிரைத் துணியில் கட்டித் தண்ணீர் போகத் தொங்கவிட்டு, உப்பும் துளி எலுமிச்சையும் சேர்த்து அடித்துக்கொள்ளுங்க. வெளியே தொங்கினால் நம் வெயிலில் சீக்கிரம் புளித்துவிடும், ஃப்ரிட்ஜுக்குள் வடிகட்டியில் வைத்துத் தண்ணீரை இறக்குங்க. தக்காளியையும் விதையை வழித்துவிட்டுச் சதையை மட்டும் நறுக்கிப் போடணும்.

இன்னொரு லாஸ்பேட்டை தம்பி: மேலே கெச்சப்?

வேண்டாம். ஆசையாக இருந்தால் கிண்ணத்தில் தனியாக.

திருப்பாதிரிப்புலியூரிலிருந்து: இது மெக்ஸிகோ சாப்பாடா, அமெரிக்காவா? எங்க வீட்ல சண்டை.

இரண்டு பேருக்கும் பாதி வெற்றி. நாச்சோஸ் 1940களில் மெக்ஸிகோவின் பியத்ராஸ் நெக்ராஸ் என்ற எல்லையோர ஊரில் இக்னாசியோ அனாயா என்ற உணவக ஊழியர் செய்தது, சோளச் சிப்ஸ், சீஸ், ஊறவைத்த ஹாலப்பீன்யோ மிளகாய், அவ்வளவுதான் இருந்தது. சோளத்துக்குப் பதில் உருளை வைப்பது அமெரிக்க பார்களின் வேலை, அங்கே ஐரிஷ் நாச்சோஸ் என்றும் சொல்வார்கள். அயர்லாந்துக்கும் அதற்கும் உருளைக்கிழங்கைத் தவிர வேறு சம்பந்தமில்லை.

மறுபடி மஞ்சக்குப்பம்: வீட்ல செஞ்சு சில்வர் பீச்சுக்கு எடுத்துட்டுப் போகலாமா?

அடுக்கி எடுத்துப்போனால் அங்கே போய்ச் சேருவது உருளை மசியல்தான். மூடிய டப்பாவுக்குள் சூட்டின் ஆவியே கிழங்கை நனைத்துவிடும், கடற்கரைக் காற்றின் ஈரம் மீதியைப் பார்த்துக்கொள்ளும். போயே ஆகணும் என்றால் கிழங்கை நன்றாக ஆறவிட்டுக் காகிதப் பையில், சாஸை ஃபிளாஸ்கில், கறியைத் தூக்கில் என்று பிரித்து எடுத்துப்போய் அங்கே தட்டில் சேருங்க. ஒரே அடியாக எல்லாவற்றையும் கொட்டாமல், பாதிக் கிழங்கு, பாதிச் சாமான், மறுபடி கிழங்கு, மறுபடி சாமான் என்று இரண்டு அடுக்காக; குழிவான பாத்திரம் வேண்டாம், தாம்பாளம் மாதிரி தட்டையாக இருக்கட்டும். தயிர் கடைசியில்.

நெல்லிக்குப்பம் மறுபடி: மிச்சமானா மறுநாள் சூடு பண்ணலாமா?

மேலே ஏற்றாத வெறும் கிழங்கு என்றால் ஏர் ஃப்ரையரில் நாலு நிமிடம். சீஸ் ஊற்றியது என்றால் இறாலும் தயிரும் சேர்ந்தது என்பதையும் நினைத்துக்கொள்ளுங்க, ராத்திரி முழுக்க மேசையில் கிடந்ததை எடுத்து எறிந்துவிடுங்க. அளவாகச் செய்து, போதவில்லை என்றால் இன்னொரு ஈடு பொரிக்கலாம், முதல் பொரிப்பு முடித்த கிழங்குதான் கையில் இருக்கிறதே.