அரச அலுவலகத்தில் அதிகாரிக்கும் சனத்துக்கும் இடையில் நின்று மொழிபெயர்ப்பவர் நடுநிலையாக இருக்க முடியுமா?

கேட்டவர் புதிதாக வேலைக்குப் போனவர் போல. நடுநிலையாக இருக்கலாம் தம்பி, ஆனால் இரண்டு பக்கமும் நம்பாது.

திருகோணமலை மாவட்டத்தில் ஓர் அலுவலகத்தில் எழுதுவினைஞராக இருந்தேன். சிங்களம் தெரியும் என்பதால் மொழிபெயர்ப்பும் என் தலையில். தம்பலகாமம் பக்கமிருந்து ஓர் அம்மா வந்தார். புருஷன் பின்னுரித்தாளரை, அதாவது தனக்குப் பிறகு காணி யாருக்கு என்று ஓர் ஆளை, நியமிக்காமலே செத்துவிட்டார். மூத்தவன் கத்தாருக்குப் போய் எட்டியும் பார்ப்பதில்லை, அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த பெர்மிட் வயலைத் தன்னைப் பார்க்கிற மகளுக்கு எழுதவேண்டும் என்று அழுதார். நான் பாதி சொல்வதற்குள் சிங்கள அதிகாரி கையை உயர்த்தி, "சுருக்கமாச் சொல்லும், உங்கட ஆக்களுக்கு எப்பவும் கதைதான்" என்றார்.

சட்டம் அவர் பக்கம்தான். 1935இல் வெள்ளைக்காரன் காலத்தில் வந்த காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம். மனைவி இருக்கும்வரை அனுபவிக்கலாம், தன் விருப்பத்துக்கு ஆளை நியமிக்க முடியாது. பிள்ளைகளில் ஆணுக்கே முதலிடம். 2022இல்தான் அந்த ஆண் பெண் பேதத்தை எடுத்தார்கள். சட்டம் துரைமாருடையது, தீர்ப்பு அதிகாரியுடையது, "ஏலாது அம்மா" என்று சொன்ன வாய் மட்டும் என்னுடையது.

"நீ நினைச்சாச் செய்யலாம் மகன்" என்று தயிர்ச்சட்டியை என் மேசையில் வைத்தார். அதிகாரி அதைப் பார்த்த பார்வை இருக்கிறதே! (திருப்பிக் கொடுத்துவிட்டேன், நல்ல எருமைத் தயிர்.)

அம்மாவில் பிழையில்லை. கச்சேரி (மாவட்ட அரச அலுவலகம்) முதலியார், உடையார், ஊர்த் தலைவரான விதானை என்று துரைக்குக் காதாக இருந்தவர்கள் பட்டமும் செல்வாக்குமாக வாழ்ந்ததை ஊர் பார்த்திருக்கிறது. 1963இல் விதானை போய்க் கிராம சேவகர் வந்தார். நடுவில் நிற்பவனைப் பிடித்தால் காரியம் ஆகும் என்ற நினைப்பு போகவில்லை. அவர்களுக்காவது துரையிடம் பேச்சு எடுபட்டது.

சிங்கள அதிகாரிகளைத் திட்டுகிறேன் என்று யாரும் சண்டைக்கு வரவேண்டாம். ஆங்கிலத்தில் குறிப்பெழுதிக்கொண்டு சனத்தை வாசலிலேயே நிறுத்திய தமிழ் ஐயாமாரையும் கண்டவன் நான்.

அப்புறம் இன்னொன்று. வடக்குக் கிழக்கில் தமிழ் நிர்வாக மொழி என்று 1988இல் அரசியலமைப்பின் 16ஆம் திருத்தத்திலேயே எழுதியாயிற்று. எங்களுக்குச் சுற்றுநிருபம் வந்தது சிங்களத்தில். அதை இரவில் வீட்டில் இருந்து தமிழாக்கியவன் நான், மேலதிக நேரக் காசு ஒரு சதம் கிடையாது. பதவி உயர்வு நேர்முகத்தில் இதைச் சொன்னபோது, "அது உமது கடமைப் பட்டியலில் இல்லையே" என்றார்கள்.